குழந்தைக்குக் குற்ற உணர்வே வராதா? ‘சைக்கோ’ என்று முத்திரை குத்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரம் மேடிசன். அங்குள்ள மென்டோட்டா ஏரிக்கரையில் அரசு மனநல மருத்துவமனை ஒன்று இருக்கிறது. 1995-ல் அதன் வளாகத்துக்குள் ஒரு சிறிய பிரிவைத் தொடங்கினார்கள். பெயர், மென்டோட்டா சிறார் சிகிச்சை மையம். மாநிலத்தின் மற்ற சிறார் சீர்திருத்த நிலையங்களில் ‘இவனைச் சமாளிக்கவே முடியாது’ என்று கைவிடப்பட்ட பையன்கள்தான் இங்கே அனுப்பப்படுவார்கள்.

அங்கிருந்து வெளியே போன பையன்கள் என்ன ஆனார்கள் என்று உளவியல் நிபுணர் மைக்கேல் கால்ட்வெல், கிரெக் வான் ரைப்ரூக் ஆகியோர் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 248 பேர். அதில் 101 பேர் மென்டோட்டாவில் சிகிச்சை பெற்றவர்கள். மற்ற 147 பேர் வழக்கமான சிறார் நிலையங்களில் இருந்துவிட்டுப் போனவர்கள். விடுதலையாகி நாலரை ஆண்டுகளில், வழக்கமான நிலையத்திலிருந்து போனவர்களில் 97 சதவீதம் பேர் மறுபடியும் ஏதோ ஒரு குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். மென்டோட்டா பையன்களில் அது 64 சதவீதம். வன்முறைக் குற்றம் என்று பார்த்தால் 60-க்கு 36.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. அந்த 147 பேர் சேர்ந்து 16 பேரைக் கொன்றிருந்தார்கள். மென்டோட்டாவிலிருந்து போன 101 பேரில் ஒருவர்கூட யாரையும் கொல்லவில்லை. இத்தனைக்கும் இரண்டு குழுவில் ரொம்பக் கடினமான பையன்கள் மென்டோட்டாவுக்கு வந்தவர்கள்தான். அவர்களில் பலருக்கு ‘சைக்கோபதி’ பண்புகள் அதிகம் என்று பரிசோதனையில் மதிப்பெண் கிடைத்திருந்தது.

சைக்கோபதிக்கு மருந்தே கிடையாது, பிறவிக்குணம், கட்டையோடதான் போகும் என்றுதான் பல காலமாக நம்பிவந்தார்கள், மருத்துவர்கள் உட்பட. அப்படியானால் மென்டோட்டாவில் என்ன நடந்தது? அதற்கு முன்னால், குழந்தைகளிடமும் பதின்பருவத்தினரிடமும் இந்தப் பண்புகள் உண்மையிலேயே இருக்கின்றனவா?

*சினிமா சைக்கோ வேறு*

தமிழில் ‘சைக்கோ’ என்ற சொல் ஏகப்பட்ட வேலை பார்க்கிறது. தொடர் கொலைகாரனும் சைக்கோ, ஒருதலையாகக் காதலித்துத் தொந்தரவு செய்பவனும் சைக்கோ, ராத்திரி 2 மணிக்கு மெசேஜ் அனுப்பும் நண்பனும் சைக்கோ. ‘சிகப்பு ரோஜாக்கள்’ தொடங்கி ‘ராட்சசன்’ வரை நம் படங்கள் வில்லனின் சின்ன வயசுக்கு ஒரு ஃபிளாஷ்பேக் போய், அங்கே நடந்த ஒரு கொடுமையைக் காட்டி, ‘இதனால்தான் இப்படி ஆனான்’ என்று முடித்துவிடும். கதைக்கு அது வசதி. நிஜம் அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சைக்கோசிஸ் வேறு, சைக்கோபதி வேறு. இல்லாத குரல் காதில் கேட்பது, யாரோ தன்னைப் பின்தொடர்வதாக நம்புவது போன்றவை சைக்கோசிஸ். அதில் நிஜத்தோடு உள்ள தொடர்பு அறுந்துபோகிறது. சைக்கோபதியில் அப்படி எதுவும் இல்லை. தான் செய்வது என்னவென்று அந்த நபருக்குத் தெளிவாகத் தெரியும். அடுத்தவரின் வலி அவருக்குள் எதையும் அசைப்பதில்லை, அவ்வளவுதான். 1941-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி இதைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு ‘நிதானத்தின் முகமூடி’ என்ற பொருளில் தலைப்பு வைத்தது அதனால்தான். வெளியே எல்லாம் சரியாக இருக்கும்.

பெரியவர்களிடம் இதை அளக்க கனடாவின் ராபர்ட் ஹேர் உருவாக்கிய 20 அம்சப் பட்டியல் இன்றும் சிறைகளில் பயன்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30-ஐத் தாண்டினால் சைக்கோபதி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 12 முதல் 18 வயதுக்கான ஒரு பதிப்பும் 2003-ல் வெளியானது. ஆனால் அதை வைத்து ஒரு சிறுவனை ‘சைக்கோபாத்’ என்று பெயரிட்டு அழைக்க மாட்டார்கள். பண்புகள் எந்த அளவு இருக்கின்றன என்று மட்டும் சொல்வார்கள்.

*அப்படின்னா டாக்டர்கள் என்னதான் சொல்கிறார்கள்?*

மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் ‘சைக்கோபதி’ என்று ஒரு நோயே கிடையாது. பெரியவர்களுக்கு ‘சமூக விரோத ஆளுமைக் கோளாறு’ என்று ஒன்று உண்டு. அதையும் 18 வயதுக்குக் கீழே யாருக்கும் கொடுக்கக் கூடாது. குழந்தைகளுக்கு உள்ளது ‘நடத்தைக் கோளாறு’. தொடர்ந்து அடிதடி, விலங்குகளைக் கொடுமை செய்வது, தீ வைப்பது, திருட்டு, வீட்டைவிட்டு ஓடுவது போன்றவை நீண்ட காலம் நீடித்தால் இந்தப் பெயர் வரும்.

2013-ல் இந்தக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு வந்தபோது நடத்தைக் கோளாறுக்குப் பக்கத்தில் ஒரு துணைக்குறிப்பைச் சேர்த்தார்கள். தமிழில் ‘பிறர்நல உணர்வுகள் குறைவு’ என்று சொல்லலாம். அதற்கு நான்கு அடையாளங்கள். தப்பு செய்தபின் வருத்தமோ குற்ற உணர்வோ இல்லாதது, மாட்டிக்கொண்டால் மட்டும் வரும் வருத்தம் இதில் சேராது. அடுத்தவர் உணர்வு பற்றி அக்கறை இல்லாதது. படிப்பிலோ வேறு முக்கியமான விஷயத்திலோ மோசமாகச் செய்தாலும் அலட்டிக்கொள்ளாதது. உணர்ச்சிகள் மேலோட்டமாக, ஒரு காரியம் ஆவதற்காக மட்டும் வெளிப்படுவது. இதில் இரண்டாவது குறைந்தது 12 மாதம், வீட்டில் மட்டுமல்லாமல் வேறு இடங்களிலும், ஒருவரிடம் மட்டுமல்லாமல் பலரிடமும் தெரிந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலிலும் இதே போன்ற குறிப்பு இப்போது இருக்கிறது.

அந்த ‘12 மாதம், பல இடங்கள், பல பேர்’ என்ற நிபந்தனையைத்தான் இணையத்தில் சுற்றும் ‘உங்க குழந்தை சைக்கோவா? 5 அறிகுறிகள்’ ரகப் பதிவுகள் சொல்லாமல் விடுகின்றன. நாலு வயசுக் குழந்தை பொய் சொல்வது வளர்ச்சியின் ஒரு கட்டம். தங்கச்சியை அடித்துவிட்டு ‘நான் இல்ல’ என்று சாதிப்பதும் அப்படித்தான். பதினைந்து வயசில் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பவன் நண்பனுக்கு அடிபட்டால் ஆஸ்பத்திரியில் விடிய விடிய உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அக்கறை இருக்கிறது, உங்களிடம் காட்டவில்லை. உளவியலாளர் டெரி மொஃபிட் 1993-லேயே இந்த வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டினார். பதின்பருவத்தில் தறிகெட்டுத் திரிபவர்களில் பெரும்பாலானோர் இருபதுகளில் தானாகவே அடங்கிவிடுவார்கள். சின்ன வயசிலேயே தொடங்கி, நிற்காமல் போகிறவர்கள் ஒரு சிறு பிரிவினர் மட்டுமே.

ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சிறு பிரிவுக்குள்ளும் ஒரு பகுதியைத்தான் தேடுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் பால் ஃப்ரிக் இதற்காக 24 வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார். பெற்றோர், ஆசிரியர், பிள்ளை என மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு நிரப்பலாம். அம்மா பார்க்கும் பிள்ளையும் வகுப்பில் டீச்சர் பார்க்கும் பிள்ளையும் பல நேரம் வேறு வேறு ஆட்களாக இருப்பதால், ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

*பயந்த முகத்தைப் பார்த்தும் ஏன் நிற்பதில்லை?*

ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைத் தள்ளிவிடுகிறது. கீழே விழுந்த குழந்தையின் முகம் பயத்தில் சுருங்குகிறது. அதைப் பார்த்ததும் தள்ளிய குழந்தைக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்யும், கை தானாக நின்றுவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நடக்கும் இந்த ‘பிரேக்’தான் சில குழந்தைகளுக்குச் சரியாகப் பிடிப்பதில்லை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

2008-ல் அபிகெயில் மார்ஷ் குழுவினர், இந்தப் பண்புகள் உள்ள சிறார்களை எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துப் பயந்த முகங்களின் படங்களைக் காட்டினார்கள். மூளையில் அமிக்டலா என்று பாதாம் பருப்பு வடிவில் ஒரு பகுதி உண்டு. ஆபத்தையும் பயத்தையும் உணர்வதில் அதற்குப் பெரிய பங்கு. மற்ற சிறார்களுக்குப் பயந்த முகத்தைப் பார்த்ததும் அது துடித்து எழுந்தது. இவர்களுக்கு அந்த எதிர்வினை மந்தமாக இருந்தது. அடுத்த ஆண்டே லண்டனில் எஸ்ஸி வைடிங் இடம்பெற்ற குழுவும் இதே போன்ற முடிவைக் கண்டது.

பயம் மட்டும்தானா என்றால், இல்லை. 2017-ல் வைடிங் குழுவினர் 11 முதல் 16 வயது வரையுள்ள பையன்களுக்கு மற்றவர்கள் மனம்விட்டுச் சிரிக்கும் ஒலியைப் போட்டுக் காட்டினார்கள். நடத்தைப் பிரச்சினை உள்ளவர்கள் 62 பேர், இல்லாதவர்கள் 30 பேர். சிரிப்பு ஒட்டிக்கொள்ளும் இல்லையா, பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தால் காரணம் தெரியாமலே நமக்கும் உதடு விரியும். இரக்கமின்மைப் பண்பு அதிகம் உள்ள பையன்களுக்கு அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையே குறைவாக இருந்தது. அவர்கள் மூளையின் எதிர்வினையும் அதையே காட்டியது. கொலை, கொள்ளை பற்றிய ஆய்வுகளைவிட இந்தச் சின்ன ஆய்வு அந்தக் குழந்தைகள் எப்படிப்பட்ட தனிமையில் இருக்கிறார்கள் என்பதை நன்றாகக் காட்டிவிடுகிறது.

இன்னொரு ஆய்வு ஆஸ்திரேலியாவில் மார்க் டாட்ஸ் நடத்தியது. 2006-ல் வெளியானது. இந்தப் பண்பு உள்ள பையன்களிடம் முகப் படங்களைக் காட்டி ‘இது என்ன உணர்ச்சி?’ என்று கேட்டால் பயத்தை மட்டும் அடையாளம் காணத் தடுமாறினார்கள். அதே பையன்களிடம் ‘கண்ணைப் பார்’ என்று ஒரு வார்த்தை சொன்னதும் மற்றவர்களைப் போலவே சரியாகச் சொன்னார்கள். அதாவது பயத்தைப் படிக்கும் திறனே இல்லாமல் போகவில்லை. அவர்கள் பார்வை கண்ணுக்குப் போகவில்லை. சொல்வதை நிறுத்தியதும் அந்த முன்னேற்றமும் போய்விட்டது என்பது வேறு விஷயம்.

*பிறவிக்குணமா, வளர்ப்பா?*

இது போன்ற ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் முதலில் கேட்கும் குரல் உறவினர்களுடையது. ‘ரொம்பச் செல்லம் குடுத்துட்டீங்க’ என்று ஒரு பக்கம். ‘அப்படியே அவங்க சித்தப்பா மாதிரி, ரத்தத்துலயே இருக்கு’ என்று இன்னொரு பக்கம். ஆய்வுகள் இரண்டையும் கொஞ்சம் ஏற்றுக்கொண்டு, இரண்டையுமே திருத்துகின்றன.

2005-ல் வைடிங் குழுவினர் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஏழு வயது இரட்டைக் குழந்தைகளை ஆய்வு செய்தார்கள். சுமார் 3,700 ஜோடிகள். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரையும் வேறு வேறு கருவில் உருவான இரட்டையரையும் ஒப்பிட்டால், ஒரு குணத்தில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடலாம். இரக்கமின்மையும் சேர்ந்த மோசமான நடத்தைக்கு மரபணுவின் பங்கு 81 சதவீதம் என்று வந்தது. இரக்கமின்மை இல்லாமல் வெறும் மோசமான நடத்தைக்கு 30 சதவீதம்தான். ஆக, ஒரே மாதிரி அடித்து உடைக்கும் இரண்டு பையன்களுக்குள் நடப்பது ஒன்றல்ல.

81 சதவீதம் என்றதும் ‘அப்போ தலையெழுத்துதான்’ என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அந்த எண் ஒரு கூட்டத்துக்குள் குழந்தைக்குக் குழந்தை உள்ள வித்தியாசத்தைப் பற்றியது. உங்கள் வீட்டுப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றியது அல்ல. இதற்கு நல்ல சாட்சி தத்துக் குழந்தைகள் பற்றிய ஒரு ஆய்வு. 2016-ல் லூக் ஹைட், ரெபெக்கா வாலர் உள்ளிட்டோர் அமெரிக்காவில் 561 தத்துக் குடும்பங்களின் தரவுகளை வெளியிட்டார்கள். பிறந்த உடனேயோ கொஞ்ச நாளிலோ தத்துப் போன குழந்தைகள். பெற்ற தாயிடம் கடுமையான சமூக விரோத நடத்தை இருந்திருந்தால், அவளோடு ஒருநாள்கூட வளராத குழந்தையிடமும் 27 மாத வயதில் இரக்கமின்மையின் சாயல் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் வளர்த்த தாய் 18 மாத வயதில் குழந்தையை அதிகம் பாராட்டி, ஊக்கப்படுத்தி நடந்துகொண்டிருந்தால், அந்த மரபுத் தொடர்பு காணாமல் போனது. பெரிய சிகிச்சை எதுவும் கொடுக்கவில்லை. ‘சூப்பர்டா கண்ணா’ வகையறாதான்.

இதற்குப் பல ஆண்டுகள் முன்பே கிராசினா கோசான்ஸ்கா என்ற உளவியலாளர் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்திருந்தார். பயந்த சுபாவக் குழந்தைக்கு மென்மையான கண்டிப்பு போதும், மனசாட்சி வளர்ந்துவிடும். பயமே இல்லாத குழந்தையிடம் கண்டிப்பு மென்மையோ கடுமையோ பெரிதாக எடுபடுவதில்லை. அந்தக் குழந்தைக்கு மனசாட்சி வளர்வது அம்மாவோடு உள்ள நெருக்கத்தின் வழியாக. அம்மாவுக்குப் பயந்து அல்ல, அம்மாவைப் பிடிப்பதால் பேச்சைக் கேட்கிறது.

இங்கே இன்னொரு வகையையும் சொல்லியாக வேண்டும். வெளியே பார்த்தால் கல்நெஞ்சாகத் தெரியும் பிள்ளைகளில் சிலர் பிறவியில் அப்படி இல்லை. அடி, பாலியல் கொடுமை, வீட்டு வன்முறை எல்லாம் பார்த்து, உணர்ச்சியை மூடிவைத்தால்தான் உயிர் தாங்கும் என்று கற்றுக்கொண்டவர்கள். உள்ளுக்குள் பதற்றமும் பயமும் நிறைய இருக்கும். முதல் வகையில் பதற்றமே இருக்காது. படிவத்தில் இருவருக்கும் ஒரே மதிப்பெண் வரலாம். தேவைப்படும் உதவி முற்றிலும் வேறு. அதனால்தான் ‘இவனுக்கு என்ன ஆச்சு?’ என்று வீட்டுக் கதையையும் கேட்காமல் வெறும் படிவத்தை வைத்து முடிவு சொல்லும் டாக்டரை நம்ப வேண்டியதில்லை.

*‘அடிச்சாலும் அழ மாட்டேங்கிறான்’*

இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் சலித்துப்போய்ச் சொல்வது பெரும்பாலும் இதுதான். அடித்தாகிவிட்டது, ரூமில் பூட்டியாகிவிட்டது, போனைப் பிடுங்கியாகிவிட்டது. பிள்ளை ‘சரி’ என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறது. கோபத்தில் தண்டனையைக் கூட்டுகிறார்கள். பிள்ளை இன்னும் கல்லாகிறது.

2005-ல் டேவிட் ஹாஸ், மார்க் டாட்ஸ் இருவரும் 4 முதல் 8 வயதுச் சிறுவர்களின் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். நல்லது செய்தால் பரிசு என்ற பகுதி எல்லாச் சிறுவர்களிடமும் வேலை செய்தது. தப்பு செய்தால் தனியாக உட்காரவைப்பது என்ற பகுதி வந்ததும், இரக்கமின்மைப் பண்பு உள்ளவர்களிடம் அது அவ்வளவாக எடுபடவில்லை. தண்டனைக்கு அசையாத குழந்தை பரிசுக்கு அசைகிறது. இந்தத் துறையின் இன்றைய சிகிச்சைகள் பலவும் இந்த ஒரு கண்டுபிடிப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன.

சிட்னியில் ஈவா கிமோனிஸ் நடத்தும் சிகிச்சையில் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு ஒரு அறையில் விளையாடுவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து நிபுணர் பார்த்துக்கொண்டு, பெற்றோரின் காதில் உள்ள இயர்போனில் ‘இப்போ பாராட்டுங்க’, ‘தோளைத் தட்டிக்கொடுங்க’, ‘கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க’ என்கிற மாதிரி அந்த நொடியே வழிகாட்டுவார். தண்டனையைக் குறைத்து, அன்பையும் பரிசையும் கூட்டி, முகத்தில் உணர்ச்சியைப் படிக்கும் பயிற்சியையும் சேர்த்திருக்கிறார்கள். 3 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் நல்ல பலன் தெரிந்தது. முதல் சோதனையில் கலந்துகொண்டது 23 குடும்பங்கள் மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்பிக்கை தரும் தொடக்கம், அவ்வளவே.

*மென்டோட்டாவில் என்ன செய்தார்கள்?*

மூன்று வயதுக் குழந்தைக்குப் பாராட்டு சரி. பதினாறு வயதில், கையில் ரத்தத்தோடு வருபவனுக்கு?

வழக்கமான சிறார் நிலையத்தில் ஒரு பையன் காவலரை அடித்தால் தனிமைச் சிறை. தனிமையில் இருந்து வந்ததும் அவன் இன்னும் வெறியோடு அடிப்பான். மறுபடி தனிமை, இன்னும் நீளமாக. ஒருகட்டத்தில் அவனுக்கு இழக்க எதுவுமே மிச்சம் இருக்காது. எதுவும் மிச்சம் இல்லாதவனைத் தண்டனை காட்டி மிரட்ட முடியாது. மென்டோட்டாக்காரர்கள் இந்தச் சுழலை அழுத்தம் ஏறிக்கொண்டே போவதாகப் பார்த்தார்கள். ஆழ்கடலில் இருந்து வருபவரை ஒரே மூச்சில் மேலே இழுத்தால் உடம்பு தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அவர்கள் முறைக்கும் அதே பொருள் தரும் பெயர்தான்.

இங்கே நிர்வாகம் சிறைத் துறையின் கையில் இல்லை, மருத்துவமனையின் கையில். உளவியல் நிபுணர்கள், செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள் எண்ணிக்கை சாதாரண நிலையத்தைவிடப் பல மடங்கு. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பையனின் நடத்தைக்கும் மதிப்பெண் போடுவார்கள். இன்றைய மதிப்பெண் நாளைய சலுகையைத் தீர்மானிக்கும். நேற்று ஒருவரைத் தாக்கியவனும் இன்று ஒழுங்காக இருந்தால் நாளைக்கு ஏதோ ஒன்று கிடைக்கும். கணக்கு தினமும் புதிதாகத் தொடங்குகிறது. இந்தப் பையன்களுக்குத் தூரத்துத் தண்டனை உறைப்பதில்லை, பக்கத்துப் பரிசு உறைக்கிறது என்பதால் பரிசைப் பக்கத்திலேயே வைத்தார்கள். பையன் என்ன செய்தாலும் ஊழியர்கள் திரும்பத் திரும்ப அவன் அறை வாசலுக்குப் போய்ப் பேசுவதை நிறுத்துவதில்லை.

உள்ளே திடீரென்று இரக்கம் சுரந்துவிட்டதா? அப்படி யாரும் சொல்லவில்லை. 64 சதவீதம் பேர் மறுபடி ஏதோ ஒரு குற்றம் செய்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இது குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துச் செய்த கறாரான சோதனையும் அல்ல. ஆனால் நல்லபடி நடந்துகொள்வது தனக்கே லாபம் என்று ஒருவன் கற்றுக்கொண்டு, அதனால் ஒரு கொலை நடக்காமல் போனால், செத்துப்போகாமல் இருப்பவருக்கு அந்த வித்தியாசம் போதும். இந்தச் சிகிச்சைக்கு ஆகும் ஒவ்வொரு டாலரும் பின்னால் நீதிமன்றம், சிறை என்று போகவிருந்த ஏழு டாலருக்கு மேல் மிச்சப்படுத்துகிறது என்றும் அந்த ஆய்வாளர்கள் 2006-ல் கணக்குக் காட்டினார்கள். மனசு இளகாத நிதித் துறை அதிகாரிகளுக்கான வாதம் இது.

*முத்திரை குத்தினால் என்ன ஆகும்?*

அமெரிக்காவிலேயே மென்டோட்டா தொடங்கிய அதே 1995-ல் இன்னொரு விஷயமும் நடந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அரசியல் அறிவியல் பேராசிரியர் ஜான் டியூலியோ, ‘சூப்பர் பிரிடேட்டர்’ என்ற ஒரு சொல்லைப் பிரபலமாக்கினார். இரக்கமும் மனசாட்சியும் இல்லாத ஒரு தலைமுறைச் சிறுவர்கள் வளர்ந்துவருகிறார்கள், வன்முறை அலை ஒன்று வரப்போகிறது என்று எச்சரித்தார். பத்திரிகைகள் அட்டைப்படம் போட்டன. தொண்ணூறுகளில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் சிறார்களைப் பெரியவர்களாகப் பாவித்து விசாரிப்பதை எளிதாக்கிச் சட்டம் மாற்றின. அடி அதிகம் விழுந்தது கறுப்பினச் சிறுவர்கள் மேல்.

அந்த அலை வரவே இல்லை. அந்தத் தொண்ணூறுகளிலேயே சிறார் வன்முறை குறையத் தொடங்கிவிட்டது. தன் கணிப்பு தப்பு என்று டியூலியோவே பின்னால் ஒப்புக்கொண்டார். 2012-ல் சிறார்களுக்குக் கட்டாயமாகப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை விதிப்பதை எதிர்த்த வழக்கில், அதற்கு எதிரான மனுவில் அவரும் கையெழுத்துப் போட்டார். அந்தத் தண்டனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குள் எத்தனையோ பேர் சிறையிலேயே வளர்ந்து பெரியவர்களாகியிருந்தார்கள்.

ஒரு சிறுவனின் இன்றைய மதிப்பெண்ணை வைத்து அவனது நாளையைச் சொல்லிவிட முடியாது என்பதற்குத் தரவும் இருக்கிறது. டொனால்ட் லைனம் குழுவினர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் 13 வயதில் அளந்தவர்களை மறுபடி 24 வயதில் அளந்தார்கள். இரண்டுக்கும் இடையே தொடர்பு இருந்தது. அதன் அளவு 0.31. ஒன்று இருந்தால்தான் முழுப் பொருத்தம். கவலைப்பட வேண்டிய அளவுக்குத் தொடர்பு, தீர்ப்பு எழுதப் போதாத அளவுக்குத் தொடர்பு என்று சொல்லலாம்.

இந்தியாவில் இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் நீதிமன்றத்துக்கு வருகிறது. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு வந்த சிறார் நீதிச் சட்டம் 2015-ன்படி, கொடுங்குற்றம் செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதுக்குட்பட்டவரைப் பெரியவராகப் பாவித்து விசாரிக்கலாம். அதற்கு முன் சிறார் நீதிக் குழுமம் ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். அந்தக் குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்பதைப் பார்ப்பார்கள். உளவியல் நிபுணர் உதவியை ‘பெறலாம்’ என்றுதான் சட்டத்தில் இருந்தது. குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் இல்லாவிட்டால் நிபுணர் உதவியைப் பெற்றே தீர வேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கவனிக்க வேண்டியது, சட்டம் கேட்பது ‘திறன் இருந்ததா’ என்று. ‘இவன் எப்பவுமே இப்படித்தான் இருப்பானா’ என்று அல்ல. இரண்டாவது கேள்விக்கு எந்தப் பரிசோதனையும் பதில் வைத்திருக்கவில்லை.

*வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?*

தங்கச்சியின் கழுத்தைப் பிடித்து நெரித்துவிட்டு எந்த உணர்ச்சியும் இல்லாமல் டிவி பார்க்கும் மகனைப் பற்றி ஒரு அம்மா யாரிடம் சொல்ல முடியும்? மாமியாரிடம் சொன்னால் வளர்ப்பு சரியில்லை என்பார். ஸ்கூலில் சொன்னால் டிசி கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். அதனாலேயே பல வீடுகளில் இது வெளியே வருவதற்கு ஆண்டுக்கணக்காகிறது. சின்ன வயசில் பிடித்தால் மாற வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் சொல்லும்போது, அந்த ஆண்டுகள்தான் விலை.

வீட்டில் இன்னொரு குழந்தை இருந்தால் அதன் பாதுகாப்பு முதல் வேலை. இருவரையும் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள், தீப்பெட்டி, கத்தி எல்லாம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். இதைச் செய்வதால் மூத்த பிள்ளையை வெறுக்கிறீர்கள் என்று அர்த்தமில்லை.

டாக்டரிடம் போகும்போது ‘இவன் சைக்கோவா?’ என்ற கேள்வியைவிடத் தேதி போட்ட ஒரு நோட்டு அதிகம் உதவும். எப்போது, யாரிடம், என்ன செய்தான், அதற்குப் பிறகு எப்படி இருந்தான், எந்த விஷயத்துக்கு மட்டும் அசைந்தான் என்று இரண்டு மூன்று வாரம் குறித்துவையுங்கள். கடைசி விஷயம் முக்கியம். பரிசு, பாராட்டு, ஒரு நாய்க்குட்டி, ஒரு கிரிக்கெட் மேட்ச், ஏதோ ஒன்றுக்கு அந்தப் பிள்ளை அசைந்திருக்கும். சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கும். கூடவே வகுப்பாசிரியரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கவனக்குறைவுக் கோளாறு, மனச்சோர்வு, ஆட்டிசம், எங்கோ நடக்கும் துன்புறுத்தல் என வேறு பல காரணங்களும் வெளியே ‘இரக்கமின்மை’ போலத் தெரியலாம். அதைப் பிரித்துப் பார்ப்பது குழந்தைகள் மனநல மருத்துவரின் வேலை.

பெரிய ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்கான ஆலோசனை இலவசம். பெங்களூரு நிம்ஹான்ஸில் குழந்தைகள், பதின்பருவத்தினருக்கென்றே தனித் துறை உண்டு. உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். குழந்தைக்கு வீட்டிலோ வெளியிலோ யாராவது கொடுமை செய்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் 1098.